கடைசி சைபர்

மாதத்தில் ஒரு செவ்வாய்
பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துவார்கள்.
வேலம்பாளையத்தில் ஓவர்லாக் மிஷின்கள் எல்லாம்
ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும்.
கட்டிங் மேசையில் கிடக்கும் துணியை ஓரம் தள்ளி
என் நகரத்தை விரிப்பேன்.

எரிமுடிப் பட்டினம்.
ஏழு மதில். ஒரு வாசல்.
கண்ணாடிக் கோபுரத்தின் அடியில் உறங்கும் பறக்கும் நாகம்.
மக்கள்தொகை: ஒரு லட்சம்.
முதலில் பத்தாயிரம் என்றுதான் எழுதியிருந்தேன்.
ராத்திரி எடுத்துப் பார்த்தபோது சப்பென்று இருந்தது,
ஒரு சைபரைச் சேர்த்தேன்.
வலிக்கவில்லை. மை செலவே இல்லை.

பூவிழி மாநகராட்சியில் தண்ணீர் வால்வு திறப்பவள்,
ஆட்டத்தில் சூனியக்காரி.
வரைபடத்தின்மேல் ஸ்கேலை வைத்துக்கொண்டு
ஒரு மணி நேரமாக மந்திரம் போடாமல் இருந்தாள்.
"ஏனுங்க, இந்த ஊருக்குச் சோறு எங்கிருந்துங்க வருது?"

மதிலைச் சுற்றி நகக்கண் அளவு பச்சை அடித்திருந்தேன்.
அதற்கப்பால் காகிதம் முடியும்வரை பாலைவனம்.

பழைய கட்டிங் சீட்டின் முதுகில் போட்டாள்:
ஆளுக்கு அரைக்கிலோ. ஐம்பது டன்.
டன்னுக்கு ஒரு வண்டி.
விடிந்தால் ஐம்பது வண்டி, நூறு காங்கேயம் காளை.
காளைக்குத் தீனி ஏற்றிவர இன்னும் சில வண்டி.
"வந்த வண்டி திரும்பிப் போகோணுமில்லீங்க?
வாசல் ஒண்ணுதான வரைஞ்சிருக்கீங்க.
கெணறு எட்டு.
கடைசிக் குடம் நெறையறதுக்குள்ள
உங்க நாகம் வயசாயிச் செத்துப்போயிரும்."

ஊசி ஏஜென்ட் ரிஸ்வான் சிரித்தான்:
"பாம்பு பறக்கறத நம்பற, சோத்த நம்ப மாட்டியா?"
"பறக்கட்டும்ங்க. அதுவும் திங்கோணுமல்ல."

தோற்றுவிட்டேன்.
ரப்பரை எடுத்துக் கடைசி சைபரை அழித்தேன்.
சந்துகள் அகன்றன. கிணற்றடி காலியானது.
ஊதினேன்,
தொண்ணூறாயிரம் பேர்
ரப்பர் தூளாய் மேசையிலிருந்து விழுந்தார்கள்.

துஷ்மந்த் பகடையை உள்ளங்கையில் குலுக்கிக்கொண்டே இருந்தான்.
கஞ்சாமிலிருந்து வந்து ஆறு வருஷம்,
எங்கள் 'ங்க'வை எங்களைவிட ஒழுங்காகப் போடுவான்.
"அண்ணா, என் வில்லாளி நேத்துதானுங்க ஊருக்குள்ள வந்தான்.
அழிச்சதுல அவனும் இருக்கானுங்களா?"

யாரும் உடனே பேசவில்லை.
கீழே டீக்கடையில் டம்ளர் கழுவும் சத்தம்.

அவன் அறையில் பதினொரு பேர்.
ஷிப்டு மாறினால் பாயும் ஆள் மாறும்.
வீட்டுக்காரர் எழுதிக்கொடுத்த தாளில் மூன்று.

பூவிழி சீட்டை மடித்தாள்.
"எங்க ரெஜிஸ்தர்ல அந்த வீதிக்கு நானூறு பேருங்க.
எட்டு நாளைக்கு ஒருக்காத் தண்ணி உடறோம்.
நானூறு பேருக்கு விட்ட தண்ணி
நாப்பது நிமிசத்துல தீந்துபோகுது.
ரெஜிஸ்தர் ஒண்ணு சொல்லும், தொட்டி ஒண்ணு சொல்லும்.
நான் தொட்டியத்தான் நம்புவேன்."

"அப்புறம் ஏன் என் ஊர்ல மட்டும் கொறைக்கச் சொன்ன?"

"கொறைக்கச் சொல்லலீங்களே.
சோறு எங்கன்னுதான கேட்டேன்."

வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
சைபர் போன இடத்தில் காகிதம் கொஞ்சம் மெலிந்து
வெளிச்சம் தெரிந்தது.
எண் எதுவும் எழுதவில்லை.
நாகத்தின் வாலை வெட்டி வயலாக்கினேன்,
பாலைவனத்தின் நடுவே ஒரு நொய்யலை இழுத்துவிட்டேன்
(சாயம் இல்லாமல், ஆட்டம்தானே),
ஏழாம் மதிலுக்கு வெளியே வரிசையாகக் கட்டங்கள்.
"இது என்னங்க?"
"ரூமு."
"ஒரு ரூமுக்கு எத்தனை பேரு?"
துஷ்மந்த்தைப் பார்த்தேன்.
"அட போச்சாதுங்க," என்றான்,
"கதவ மட்டும் கொஞ்சம் பெருசா வரைங்க. ஆள் வந்துட்டே இருக்கும்."

உருட்டினான். இருபதில் பதினேழு.
வில்லாளி உள்ளே படுக்க இடம் பிடித்துவிட்டான்
என்று நான் சொல்ல வாயெடுக்கையில்
கரண்ட் வந்தது.
மிஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாய் இரைய
மேசை அதிர்ந்து
ரூமுகள் எல்லாம்
பென்சில் கோட்டுக்குள்ளேயே நடுங்கின.